பதவி முடிந்த பிறகு பிறந்த சட்டம்

அண்ணன் மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். பயிற்சி வகுப்பு எங்கள் புதுக்கோட்டையில்தான் என்பதால், மாலையில் வகுப்பு முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் டீ போட்டுக்கொண்டிருப்பேன். அவள் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து மாதிரி வினாத்தாளைச் சத்தமாக வாசிப்பாள். போன வாரம் ஒரு கேள்வி வந்தது. சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் யார்? கொடுத்திருந்த நான்கு விடைகளை அவள் பார்க்கக்கூட இல்லை. “முத்துலட்சுமி ரெட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

“கொஞ்சம் நில்லு. அவங்க அங்க போய் என்ன செஞ்சாங்க?” என்றேன்.

“தேவதாசி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தாங்க அத்தை. அதுவும் ஒரு மார்க்தான்.”

“அந்தச் சட்டம் எந்த வருஷம்?”

“1947.”

“அவங்க எந்த வருஷம் வரைக்கும் சபையில இருந்தாங்க?”

புத்தகத்தைப் புரட்டினாள். “1930.”

“அப்ப, பதினேழு வருஷம் முன்னாடியே சபையை விட்டு வந்தவங்க எப்படிச் சட்டம் கொண்டுவர முடியும்?”

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். நான் அடுப்பைக் குறைத்தேன். அன்றைக்கு இரண்டு தரம் டீ போட வேண்டியிருந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வுக்காக மட்டும் இல்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விடை வேறு இல்லை.

முதலில் அந்தச் சபை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். இன்றைய சட்டமன்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி மாகாணங்களில் நடந்தது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் இந்திய அமைச்சர்களிடம் இருந்தன. போலீஸ், நிதி, நிலவருவாய் எல்லாம் கவர்னரின் கையில். சபைக்குச் சட்ட மேலவை என்று பெயர் இருந்தாலும் அதற்குக் கீழே வேறொரு அவை கிடையாது; அது ஒன்றுதான் சபை. அதில் 98 பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். மற்றவர்கள் அரசு நியமித்தவர்களும் அதிகாரிகளும். ஓட்டும் எல்லாருக்கும் இல்லை. சொத்து இருந்து, வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே இருந்தது.

அந்தச் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921இலேயே சென்னை மாகாணம் ஓட்டுரிமை தந்தது. நாட்டிலேயே முதலில் தந்த மாகாணம் இதுதான். ஆனால் ஓட்டுப் போடலாம், உறுப்பினராக முடியாது. அந்தத் தடை 1926இல்தான் நீங்கியது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் உள்ளே வராததால் நியமனத்தின் மூலம் ஒருவரையாவது அனுப்ப வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அடையாறில் 1917இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் முன்வைத்த பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் நம் ஊர்க்காரர். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பெண்பிள்ளை பள்ளியை முடிப்பதே அரிதான அந்தக் காலத்தில், ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவர் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போய்வந்தார். சபைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கையில் மருத்துவத் தொழில் இருந்தது, நோயாளிகள் இருந்தார்கள். மாதர் சங்கத்துத் தோழிகள் வற்புறுத்திய பிறகுதான் இசைந்தார். 1927இல் சபைக்கு வந்தவரை உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

“நியமன உறுப்பினர்னா அரசாங்கம் சொல்றதைக் கேட்கணும்ல?” என்று அண்ணன் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பலர் அப்படித்தான் இருந்தார்கள். முத்துலட்சுமிக்குப் பின்னால் தொகுதியும் இல்லை, கட்சியும் இல்லை. தன்னை எந்தப் பெண்களுக்காக அனுப்பினார்களோ அவர்களையே அவர் தன் தொகுதியாக எடுத்துக்கொண்டார். பெண் குழந்தைகளுக்குக் கல்விச் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, குழந்தை மணத் தடை என்று அவர் அவையில் எழுப்பியவை எல்லாம் அந்தத் தொகுதியின் கோரிக்கைகளே. அவற்றில் ஒன்றை மட்டும் முழுவதுமாகப் பார்ப்போம். அந்த ஒன்றிலேயே ஒரு சட்டம் எப்படி நடக்கிறது என்பது விளங்கிவிடும்.

பொட்டுக் கட்டுதல் என்பது ஒரு பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மனைவியாக நேர்ந்துவிடும் சடங்கு. தாலி போன்ற பொட்டைக் கட்டிவிட்டால் அவள் பிறகு யாரையும் திருமணம் செய்ய முடியாது. ஆடலும் பாடலும் கற்று, தேவதாசியாகக் கோயில் ஊழியம் செய்வாள். ஒரு காலத்தில் அவளுக்கு மதிப்பும் சொத்தும் இருந்தன. அரசர்களும் ஜமீன்தார்களும் தளர, கோயில் வருமானமும் குறைய, பெரும்பாலான இடங்களில் மிஞ்சியது பணக்காரர் ஒருவரின் ஆதரவில் வாழும் நிலைதான். பொட்டு கட்டப்பட்டவர்களில் பலர் விவரம் தெரியாத சிறுமிகள்.

“அதுக்கு அப்பவே சட்டம் இல்லையா?” இருந்தது. சிறுமிகளைத் தகாத தொழிலுக்காக விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்படி குற்றம். 1924இல் அந்த வயது வரம்பை 18ஆக உயர்த்தியும் இருந்தார்கள். ஆனால் நீதிமன்றத்தில் எதை நிரூபிக்க வேண்டும்? பெண்ணைக் கொடுத்தவரின் உள்நோக்கத்தை. தாயோ பாட்டியோ, இது எங்கள் குலவழக்கம், சாமிக்குச் செய்த நேர்த்தி என்று சொன்னால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். சடங்கு செய்வது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிற்பாடு நடப்பது குற்றமாகலாம். ஆனால் அப்போது பெண்ணின் வாழ்க்கை முடிவாகியிருக்கும். முத்துலட்சுமி கண்ட ஓட்டை இதுதான். ஒரு மருத்துவர் என்பதால், நோய் முற்றிய பிறகு வைத்தியம் பார்ப்பதற்கும் வராமல் தடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு நன்றாகத் தெரியும்.

1927 நவம்பரில் அவர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்களைக் கோயில்களுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று அது அரசைக் கேட்டது. சபை அதை ஏற்றுக்கொண்டது.

“அப்ப 1927லயே முடிஞ்சிருச்சே?”

முடியவில்லை. இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் குழம்புகிறோம். இன்றைக்கும் செய்தித்தாளில் ‘சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது’ என்று படித்தவுடன் காரியம் கைகூடிவிட்டதாக நினைக்கிறோம். நான் அவளுக்கு டீயை வைத்தே சொன்னேன். “எனக்கு டீ வேணும்னு நீ சொல்றது தீர்மானம். வீட்டுல எல்லாரும் ஆமா வேணும்னு சொன்னாலும் டம்ளர் காலியாத்தான் இருக்கும். எவ்வளவு பால், எவ்வளவு தூள், யார் அடுப்பை ஏத்துறதுன்னு எழுதிக் கொடுக்கிறது மசோதா. அதைப் பத்துப் பேர் பார்த்துத் திருத்தி, சபை ஓட்டுப் போட்டு, கவர்னர் கையெழுத்துப் போட்ட பிறகு உன் கைக்கு வர்றதுதான் சட்டம்.” தீர்மானம் சபையின் விருப்பத்தைச் சொல்லும். அதை மீறினார் என்று யாரையும் தண்டிக்க முடியாது. சட்டம்தான் ஆளைக் கட்டும்.

தீர்மானம் நிறைவேறியபின் பலர் கைதட்டலோடு ஓய்ந்துவிடுவார்கள். முத்துலட்சுமி அடுத்து உட்கார்ந்து மசோதா எழுதினார். அதில் அவர் முதலில் கை வைத்த இடத்தைப் பார்த்தால் அவருடைய கூர்மை புரியும். பொட்டுக் கட்டினால் சிறை என்று அவர் ஆரம்பிக்கவில்லை. நிலத்திலிருந்து ஆரம்பித்தார்.

கோயில் ஊழியம் செய்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாக இனாம் நிலம் இருந்தது. மேளக்காரருக்கு, பூக்கட்டுகிறவருக்கு, தேவதாசிக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். அந்த நிலத்தின் விளைச்சல்தான் குடும்பத்தின் சோறு. ஊழியம் தொடர்ந்தால் நிலம் கையில் இருக்கும். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். இப்போது வயதாகிப்போன ஒரு தேவதாசியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இனி அவரால் கோயிலுக்குப் போய் ஆட முடியாது. நிலத்தைக் காப்பாற்ற அவருக்கு ஒரே வழிதான். பெற்ற பெண்ணுக்கோ, எடுத்து வளர்த்த பெண்ணுக்கோ பொட்டுக் கட்டி அடுத்த ஊழியக்காரியாக ஆக்க வேண்டும். மனம் ஒப்பாத தாய்கூட வயிற்றுப்பாட்டுக்காக அதைச் செய்தார். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது மதமாகத் தெரிந்தது. வீட்டுக்குள்ளே அது வயலைப் பற்றிய கவலை.

இந்த முடிச்சை அவிழ்க்காமல் சடங்குக்கு மட்டும் தடை போட்டால் என்ன ஆகும்? சட்டத்துக்குப் பணிகிற தாய் நிலத்தை இழப்பார். நிலத்தை விட முடியாத தாய் சட்டத்துக்குத் தெரியாமல் பொட்டுக் கட்டுவார். ஆகவே முத்துலட்சுமி, பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது உருவான இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இனாம் நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிப்பது. அனுபவித்து வந்த பெண்ணிடமே நிலத்தை விட்டுவிடுவது. பதிலுக்கு அந்த நிலத்துக்கு ஒரு தீர்வை விதிப்பது. இனி நிலத்துக்காக யாரும் மகளை நேர்ந்துவிட வேண்டியதில்லை. இந்தத் திருத்தம் 1929இல் சட்டமானது. அந்த ஆண்டின் 5ஆவது சட்டம் அது.

தேர்வு வழிகாட்டிகளில் இந்த 1929 சட்டம் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. என்னைக் கேட்டால் அவருடைய சபை வாழ்க்கையின் உச்சம் அதுதான். தீமையைக் கண்டு கோபப்படுவது எளிது. அந்தத் தீமை எந்தச் சோற்றில் வேர் பிடித்திருக்கிறது என்று தேடிப் போய், சோற்றைக் கெடுக்காமல் வேரை மட்டும் அறுப்பதற்கு வேறு வகை அறிவு வேண்டும். ஒரு நல்ல சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய அறிவு அதுதான்.

எதிர்ப்பு வலுவாக இருந்தது. காங்கிரசின் பெரும் பேச்சாளர் சத்தியமூர்த்தி சபையிலேயே எதிர்த்தார். அவர்கள் இருவருக்கும் நடந்த விவாதத்தைப் பற்றி மேடைகளில் சுவையான கதைகள் உலவுகின்றன. நான் கதைகளுக்குள் போகவில்லை. வாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மத வழக்கத்தில் சட்டம் தலையிடலாமா என்பது ஒன்று. பல நூறு ஆண்டுகளாகக் கலையைக் காத்து வந்தவர்களை அகற்றினால் கலை என்னாகும் என்பது இன்னொன்று.

இந்த இரண்டையும்விட நாம் நிதானமாகக் கேட்க வேண்டிய குரல் ஒன்று உண்டு. தேவதாசிகளே எதிர்த்தார்கள். சென்னையில் சங்கம் அமைத்து அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னால் நின்றார். எங்களையும் உடலை விற்பவர்களையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அதில் நியாயம் இருந்தது. அன்றைய வழக்கத்தில் தேவதாசிப் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தது, பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை இருந்தது, எழுத்தறிவு இருந்தது. குடும்பப் பெண்களில் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தங்களிடம் இருப்பதைப் பறித்துக்கொண்டு எதைத் தரப்போகிறீர்கள் என்று அவர்கள் கேட்டது தவறே இல்லை.

“அப்ப அத்தை, நீங்க யார் பக்கம்?”

யோசித்துத்தான் சொன்னேன். முத்துலட்சுமியின் பேச்சில் தேவதாசி மரபின் இருண்ட பக்கமே பெரிதாக நின்றது. அதன் கலைச் செல்வத்துக்கும், அந்தப் பெண்களின் சுயமரியாதைக்கும் அவர் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். பரம்பரைக் கலைஞர்கள் பலர் பிறகு மேடை இழந்ததும், அவர்களது ஆட்டம் வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றதும் உண்மை. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதியைப் போலத் தாக்குப்பிடித்து நின்றவர்கள் சிலரே. இந்தக் கணக்கை மறைக்கக் கூடாது. ஆனால் தராசின் மறு தட்டில் இருப்பது, தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுமி. நாகரத்தினம்மாளைப் போன்ற பேராற்றல் கொண்டவர்கள் விண்ணப்பம் எழுதலாம். அந்தச் சிறுமிக்காக எழுத யாரும் இல்லை. சபையில் அவளுக்காக ஒருவர் பேசினார். நான் அந்தச் சிறுமியின் பக்கம் என்று சொன்னேன்.

நிலத்தின் கட்டை அவிழ்த்த பிறகே, 1930இல், பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி கொண்டுவந்தார். இது அரசின் மசோதா இல்லை; தனி உறுப்பினர் மசோதா. அரசு மசோதாவுக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கும். தனி உறுப்பினர் மசோதாவுக்கு, கொண்டுவந்தவரே தாய், தகப்பன் எல்லாம். மக்களின் கருத்தறிய அதைச் சுற்றுக்கு விடுவார்கள். கோயில் நிர்வாகிகள், வக்கீல்கள், சங்கங்கள் எல்லாரும் எழுதுவார்கள். பிறகு குழு ஆராயும். பிறகு விவாதம், ஓட்டு. கொண்டுவந்தவர் ஒவ்வொரு படியிலும் கூடவே நடக்க வேண்டும்.

அந்த நேரத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. 1930 மே 5 அன்று காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். மசோதா கிடப்பில் போனது.

“என்ன அத்தை இது! பாதியில விட்டுட்டு வரலாமா?” அவள் குரலில் ஏமாற்றம். பல ஆண்டுகளுக்கு முன் இதைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் இன்னும் சில மாதம் இருந்திருந்தால் சட்டம் பதினேழு ஆண்டு முந்தி வந்திருக்குமோ என்று நினைத்ததுண்டு. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். அவரை நியமித்தது அந்த அரசு. நாட்டுக்காகப் போராடியவரை அதே அரசு சிறையில் வைத்திருக்கும்போது, அது கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அந்த விலகலுக்கு அவர் கொடுத்த விலை, தான் உயிராக நினைத்த மசோதா. அது சிறிய விலை இல்லை. தன் சபை அனுபவத்தை அந்த ஆண்டே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி வைத்தார். செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று பின்னால் வருபவர்களுக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டே போனார்.

மூன்றரை ஆண்டுதான் அவர் உறுப்பினராக இருந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. இடம் மட்டும் மாறியது.

தேவதாசிக் குடும்பத்தை விட்டு வந்த சில பெண்பிள்ளைகள் அவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. வெளியே வா என்று சட்டம் அழைத்தால், வெளியே வருகிறவள் எங்கே தூங்குவாள், எங்கே படிப்பாள்? தன் பொறுப்பிலேயே அவர்களை வைத்துக்கொண்டு 1930இல் அவர் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். அது பின்னர் அடையாறில் வேரூன்றிப் பல தலைமுறைப் பெண்களைப் படிக்க வைத்தது.

சபைக்கு வெளியே மற்றவர்களும் அந்தக் கோரிக்கையைக் கைவிடவில்லை. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் மசோதாவை ஆதரித்து எழுதியும் பேசியும் வந்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர். ஊர் ஊராகப் போய் அதற்கு எதிராகப் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்ற நாவலையும் எழுதினார். சபைக்குள் ஒருவர் சட்டமொழியில் சொன்னதைத் தெருவில் இன்னொருவர் மக்கள்மொழியில் சொன்னார். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டத்துக்குக் காலம் கனியும்.

அண்ணன் மகள் சட்டென்று நிமிர்ந்தாள். “மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்! காலேஜ்ல எனக்கு மாசம் ஆயிரம் ரூபா வந்துச்சே, அந்தத் திட்டத்துப் பேரு!” ஆம், அதே அம்மையார்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரில் 2022இல் தொடங்கியது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள். ஒன்று கர்ப்பிணியின் கையைப் பிடிக்கிறது, மற்றது மாணவியின் கையை. விண்ணப்பத்தில் அந்தப் பெயர்களைத் தினமும் எழுதுகிறோம். யார் என்று கேட்பதில்லை.

நாடு விடுதலை பெற்ற 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான ஆட்சியில், பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டின் 31ஆவது சட்டம். நேர்ந்துவிடும் சடங்கே சட்டவிரோதம் என்றது. உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய பழைய சிக்கல் அத்தோடு தீர்ந்தது. இன்னொன்றையும் அந்தச் சட்டம் சொன்னது; அதை நான் அவளுக்கு இரண்டு தரம் சொன்னேன். பொட்டுக் கட்டப்பட்ட பெண், அதன் காரணமாகவே திருமணம் செய்யும் தகுதியை இழந்துவிடுவதில்லை. ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்டிருந்த பெண்களுக்கு அந்த ஒரு வாக்கியம் புதிய வாழ்க்கைக்குக் கதவைத் திறந்துவைத்தது.

சட்டம் நிறைவேறியபோது முத்துலட்சுமிக்கு வயது 61. அவர் அந்தச் சபையில் இல்லை. 1927இல் அவர் தொடங்கிய வேலை முடிய இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தப் பொறுமை அவருடைய இயல்பு என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்த விதை. 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படையாகச் சொன்னார். அரசு முன்வராதபோது மாதர் சங்கத்தின் மூலம் பணம் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. விதைத்ததிலிருந்து முப்பத்தோரு ஆண்டு. 1956இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

“இப்ப சொல்லு. சட்டத்தை யார் கொண்டுவந்தது?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்: ‘1927 தீர்மானம். 1929 நிலம். 1930 மசோதா, விலகல், அவ்வை இல்லம். 1947 சட்டம்.’ எழுதியதை என்னிடம் காட்டினாள். தேர்வில் ஒரு மார்க் கேள்விக்கு இவ்வளவு இடம் கிடையாது. பரவாயில்லை. நாளை அவள் அரசு அலுவலகத்தில் உட்காரும்போது, கையெழுத்துக்கு வரும் ஒவ்வொரு சட்டப் பிரிவுக்கும் பின்னால் இப்படி ஒரு வரிசை இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

முன்னாள் உறுப்பினர் என்று நாம் சொல்லும்போது, எல்லாம் முடிந்துபோன ஒருவரைத்தான் நினைக்கிறோம். எத்தனை முறை வென்றார், எந்தத் துறை கிடைத்தது, எந்தக் கட்சிக்குப் போனார் என்பதையே அவரது வரலாறாக எழுதுகிறோம். முத்துலட்சுமி ரெட்டி ஒரு தேர்தலிலும் வென்று அந்தச் சபைக்குள் போகவில்லை. அமைச்சராகவும் இல்லை. மூன்றரை ஆண்டில் தானாகவே விலகினார். அந்தக் கணக்குப்படி அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காது. விலகிய பிறகும் அவர் சொன்னது சபைக்குள் நின்றதா என்று கேட்டுப் பார்த்தால், அவருக்கு நிகராகச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு.

அடுத்த முறை உங்கள் தொகுதி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, கட்டிக்கொடுத்த நிழற்குடையைப் பற்றியும் கேளுங்கள், போட்ட சாலையைப் பற்றியும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: ஐந்து ஆண்டில் எந்த மசோதாவைப் படித்தீர்கள்? எதில் பேசினீர்கள்? எந்தச் சட்டத்தில் ஒரு வரியையாவது எங்களுக்காக மாற்றினீர்கள்? ஒரு வரி போதும். 1929இல் ஒரு திருத்தம் எத்தனையோ தாய்மார்களின் வயலையும் மகள்களையும் ஒருசேரக் காப்பாற்ற வழிசெய்தது.